வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா?

பெங்களூரு ஹொரமாவிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 39. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வெளிவட்டச் சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை, இப்போது டீம் லீட். அவருக்குக் கீழே எட்டுப் பேர். மனைவி பள்ளி ஆசிரியை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. சர்க்கரை நோயாளியான அம்மாவும் இவர்களோடுதான் இருக்கிறார். அப்பா 58 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

வாடிக்கையாளர் அமெரிக்காவில் என்பதால் இரவு பத்து, பதினொன்று வரை போன் பேச்சு. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது 'ரிலீஸ்', அதாவது புது மென்பொருளை வெளியிடும் வேலை, இருக்கும். மிச்ச நேரம் சபைக்கு. தமிழ்ச் சபையில் பாஸ்டரேட் கமிட்டி எனும் சபை நிர்வாகக் குழுவின் செயலர் இவர். ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பும் இவரிடம். ஆராதனையில் கீபோர்டு வாசிப்பதும் இவர். புதன் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி மாலை பாடகர் குழு பயிற்சி.

"சில மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. போன மாதம் டின் ஃபேக்டரி சந்திப்பு டிராஃபிக்கில் நிற்கும்போது காரணமே இல்லாமல் அழுதுவிட்டேன். என் மனைவி ஆவிக்குரிய காரியங்களில் கொஞ்சம் பின்தங்கியவள். 'உங்களுக்கு ஆபீஸ்ல ஒரு மேனேஜர், கோவில்ல ஒரு மேனேஜர். நாங்க எந்த க்யூவுல நிக்கணும்?' என்று கேட்கிறாள். மகனுக்குக் காய்ச்சல் வந்த சனிக்கிழமை நான் பயிற்சிக்குப் போய்விட்டேன். அவள் ஆட்டோவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்" என்று எழுதியிருக்கிறார்.

கேள்விகள் மூன்று. இந்தச் சோர்வு என் விசுவாசக் குறைவா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்ல கம்பெனிக்கு உரிமை உண்டா? வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு, அதாவது சபைப் பணிக்கு, வரும்படி தேவன் என்னை அழைக்கிறாரா?

அன்புள்ள சகோதரரே,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இப்படியே தூங்கி எழுந்திருக்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது." மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் உடம்பும் மனமும்

அப்படித் தோன்றியதற்காக உங்களை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்போவதில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டார். கர்மேல் மலையில் அவர் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய காரியம் நடந்து முடிந்த கையோடு கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். கண்டிப்பு இல்லை, பிரசங்கம் இல்லை. தூங்க விட்டார்கள். தூதன் தட்டி எழுப்பினான்; தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தார். திரும்பவும் எழுப்பி, திரும்பவும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணமும், அங்கே கேட்ட மெல்லிய சத்தமும், அடுத்த வேலையும். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். களைத்துப்போன உடம்பில் ஜெப வார்த்தை வரவில்லை என்றால் அது விசுவாசக் குறைவு ஆகாது.

ஆனாலும் இதை ஜெபத்தோடு மட்டும் விட்டுவிடக் கூடாது. விடிகாலை முழிப்பும், படபடப்பும், காரணம் தெரியாத அழுகையும் சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு கோளாறிலும் இப்படி வரும். அப்பாவின் மாரடைப்பையும் மனதில் வைத்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, இ.சி.ஜி. எல்லாவற்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்கிறது அது. நீங்கள் எழுதி அனுப்பிய கணக்கின்படி ஆபீஸ் வேலை மட்டுமே வாரத்துக்கு 58 மணி நேரம். போக்குவரத்தும் கோவில் வேலையும் அதில் சேரவில்லை.

மனநல மருத்துவரையும் பாருங்கள். நிம்ஹான்ஸ் என்கிற தேசிய மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணம் இன்னொரு முறை வந்தால், எந்த நேரமாக இருந்தாலும், உடனே மனைவியை எழுப்பிச் சொல்லுங்கள். அப்புறம் அந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் உங்கள் அம்மாவை யாரும் விசுவாசம் இல்லாதவர் என்று சொல்வதில்லையே.

நீங்கள் சொன்ன வசனமும் அதற்கு முந்தின வசனங்களும்

"எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்ய வேண்டும், அதனால்தான் ஆபீஸில் எதையும் மறுப்பதில்லை" என்கிறீர்கள். அருமையான வசனம், கொலோசெயர் மூன்றாம் அதிகாரம். அதே பக்கத்தில் நாலைந்து வசனம் மேலே போங்கள். புருஷர்கள் மனைவியிடம் அன்பாக இருக்க வேண்டும், கசந்துகொள்ளக் கூடாது என்று இருக்கிறது. தகப்பன்மார் பிள்ளைகள் மனம் உடைந்துபோகும்படி நடக்கக் கூடாது என்று இருக்கிறது. பவுல் வேலைக்காரருக்கு எழுதுவதற்கு முன்பே வீட்டாருக்கு எழுதிவிட்டார். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமோ எஜமான்களுக்கு: வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று.

அந்தக் கடைசி வசனம் உங்களுக்கும்தான். கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் எழுதிய இன்னொரு வரி: "இரவு பதினொன்றரைக்கு டீம் குரூப்பில் மறுநாள் வேலையைப் போட்டுவிட்டுத்தான் படுப்பேன்." அந்த எட்டுப் பேரும் அந்த நேரத்தில் போனைப் பார்க்கிறார்கள். அவர்களில் சிலருக்கும் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையைச் சொல்லும்போது, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்றும், நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பதை நினை என்றும் காரணம் சொல்லப்படுகிறது. மேலே இருப்பவர் உங்களை இளைப்பாற விடவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். நியாயம். உங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த ஓய்வைக் கொடுப்பது இன்று ராத்திரியே உங்கள் கையில் இருக்கிறது. செய்தியை எழுதி வைத்து, காலை ஒன்பது மணிக்குப் போகும்படி செய்துவிட்டுப் படுங்கள்.

ஞாயிறு விடுமுறை: சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவது மத உரிமை, அதைக் கம்பெனி தடுக்க முடியாது என்று நினைக்கிறீர்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு உங்கள் மத சுதந்திரத்தைக் காப்பது உண்மை. ஆனால் அது முக்கியமாக அரசை நோக்கிய உரிமை. தனியார் நிறுவனத்தில் 'ஞாயிறுதான் எனக்கு விடுமுறை வேண்டும்' என்று கேட்க அது நேரடியாக உதவாது. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961, வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும் என்கிறது. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும், அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளமும் அதில் உண்டு. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. டீம் லீட் அதில் சேர்வாரா என்பது வெறும் பதவிப் பெயரை வைத்து மட்டும் முடிவாகாது, உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் கட்டம் வந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் உங்கள் நியமனக் கடிதத்தைக் காட்டுங்கள்.

ஒன்று சொல்கிறேன். நம் நாட்டில் ஞாயிறு விடுமுறை, கிறிஸ்தவர்களான நமக்கு மட்டும் கிடைத்த சலுகையாக வந்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருடக்கணக்காகக் கேட்டுப் போராடி 1890-இல் பெற்றுத் தந்தது. எல்லா மதத்து உழைப்பாளிகளும் சேர்ந்து வாங்கிய நாள் அது. அதனால் ஆபீஸில் இதை 'என் மதம்' என்று தொடங்காமல், எல்லோருக்கும் சரிப்படுகிற ஒழுங்காகக் கேட்டால் காது கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இதுவரை மேனேஜரிடம் வாயைத் திறந்து கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. தேவனிடம் கேட்டிருக்கிறீர்கள், மேனேஜரிடம் கேட்கவில்லை. ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஞாயிறு ரிலீஸுக்கு முறை வைக்கலாம், மாதம் ஒரு ஞாயிறு நான் வருகிறேன், மற்ற ஞாயிறுகளில் டீமில் வேறு இருவரைப் பழக்கித் தருகிறேன், வருபவர்களுக்குத் திங்களோ செவ்வாயோ ஈடாக விடுமுறை (காம்ப் ஆஃப்) கொடுங்கள், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நான் கூடுதலாக வருகிறேன் என்று. வாரத்தில் இரண்டு இரவு எட்டு மணிக்கு மேல் கால் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேளுங்கள். மறுத்தால், நேரம் பொருந்துகிற வேறு பிராஜெக்ட்டுக்கு மாறக் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வேறு கம்பெனி தேடலாம். ஊழியத்துக்குப் போவதற்கும் இந்த வேலையில் அப்படியே கிடப்பதற்கும் நடுவில் இத்தனை படிகள் இருக்கின்றன. நீங்கள் ஒன்றில்கூட இன்னும் கால் வைக்கவில்லை.

கோவில் வேலையும் வேலைதான்

இது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமையை மணி வாரியாக எழுதியிருந்தீர்கள். ஐந்தரைக்கு எழுந்து, ஆறேகாலுக்குக் கோவிலில் கீபோர்டும் மைக்கும் சரிபார்ப்பு. ஏழு மணி ஆராதனை. ஒன்பதரைக்கு ஓய்வுநாள் பள்ளி. பதினொன்றுக்குக் கமிட்டி, அறுப்பின் பண்டிகைக்கு பந்தலா ஹாலா என்பதில் ஒன்றரை வரை இழுத்தது. பிற்பகல் ஆயரோடு இரண்டு வீட்டுச் சந்திப்பு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டது மூன்றேமுக்காலுக்கு. ஆறு மணிக்கு லேப்டாப். இதற்குத் தலைப்பு 'ஓய்வுநாள்' என்று போட்டிருக்கிறீர்கள். இதில் நீங்கள் இளைப்பாறிய நேரம் எங்கே? பாடல் வாசித்துக்கொண்டே அடுத்த நோட்டீஸைப் பற்றி யோசித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று ஆராதித்தீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் ஏன் இத்தனையையும் தலையில் ஏற்றிக்கொண்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பெங்களூரில் தமிழ்ச் சபைதான் சொந்த ஊர். ஆபீஸில் நீங்கள் ஓர் அடையாள அட்டை எண். கோவிலில் 'தம்பி', 'அண்ணன்', 'செயலர் ஐயா'. ஒரு துக்கம் என்றால் இருபது பேர் வந்து நிற்பார்கள். அப்பா இறந்தபோது சபையார்தான் இரவோடு இரவாக வண்டி பிடித்து ஊருக்கு அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடனை அடைக்கிறீர்கள். அது நல்ல மனசு. அதனால் கோவிலை விடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பொறுப்பைக் குறையுங்கள் என்கிறேன்.

யாத்திராகமம் 18-ஐ எடுத்து வாசியுங்கள். மோசேயின் மாமனார் எத்திரோ வனாந்தரத்துக்கு வருகிறார். தனியாக வரவில்லை, மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மறுநாள் பார்த்தால், காலையிலிருந்து சாயங்காலம்வரை மோசே ஜனங்களின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தேவ சித்தம் தெரிந்துகொள்ளத்தானே இவர்கள் என்னிடம் வருகிறார்கள் என்று அவரும் உங்களைப்போலவே பதில் சொல்கிறார். மாமனார் விடவில்லை. நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார். மோசே கேட்டார். வேதத்திலேயே இருக்கிற நிர்வாக ஆலோசனை இது, அதுவும் வீட்டாரின் வாயிலிருந்து வந்தது.

உங்களிடம் இருக்கும் பொறுப்புகளில் எது உங்களுக்கு உயிர் கொடுக்கிறது? கீபோர்டு என்று படுகிறது. கடிதத்தில் அதைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் உங்கள் எழுத்தில் ஒரு சந்தோஷம் தெரிகிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள். செயலர் பொறுப்பை அறுப்பின் பண்டிகை முடிந்ததும் ஒப்படைத்துவிடுவதாக ஆயரிடம் இப்போதே சொல்லுங்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரைப் பழக்குங்கள். புதன், வெள்ளி இரண்டில் ஒன்று போதும். ஆயரிடம் சுற்றி வளைக்க வேண்டாம். "ஐயா, டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரத்தில் இருக்கவில்லை. இந்தப் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுங்கள், நான் கூட நின்று பழக்கித் தருகிறேன்." இவ்வளவுதான். சிலர் 'பின்வாங்கிவிட்டார்' என்று பேசலாம். பேசட்டும். சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பது கமிட்டிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியது

'ஆவிக்குரிய காரியங்களில் பின்தங்கியவள்' என்ற அந்த வார்த்தையை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். காய்ச்சல்காரப் பிள்ளையை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்கால நெரிசலில் ஆட்டோ பிடித்து, கிளினிக்கில் டோக்கனுக்கு உட்கார்ந்திருந்தது அவர். உங்கள் அம்மாவுக்கு இன்சுலின் போடுவதும் அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திங்கள் காலை பள்ளிக்கூடத்துக்கும் ஓட வேண்டும். ஜெபக்கூட்டத்துக்கு வராததை மட்டும் எண்ணுகிறீர்கள். நீங்கள் கோவிலில் செய்வது ஊழியம் என்றால், அவர் வீட்டில் செய்வதும் ஊழியம். அவர் சொல்லிக் காட்டுவதற்குக் காரணம், அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாததாக இருக்கலாம். விளக்கம் வேண்டாம், வசனம் வேண்டாம். 'அன்னிக்கு நான் உன்கூட வந்திருக்கணும்' என்று மட்டும் சொல்லுங்கள்.

இனி ராஜினாமா

அழைப்பு இல்லை என்று சொல்ல நான் யார்? அது உங்களுக்கும் தேவனுக்கும் இடையில் இருப்பது. ஆனால் இப்போது நீங்கள் கேட்பது ஊழியத்தையா, இந்த வேலையிலிருந்து தப்பிக்க ஒரு கதவையா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மூன்று மணிக்குத் தூக்கம் கெட்டு விழித்திருக்கிற மனிதன் எடுக்கும் முடிவை நான் முழுசாக நம்ப மாட்டேன். அதோடு, மேலே இருப்பவர் யாராக இருந்தாலும் 'முடியாது' என்று சொல்ல வராத உங்கள் பழக்கம் ஆபீஸோடு நின்றுவிடாது, ஊழியத்துக்கும் கூடவே வரும். ஊழியத்தில் லாக் அவுட்டும் கிடையாது. நள்ளிரவில் போன் வரும், சாவு வீடு, சண்டை வீடு எல்லாம் இருக்கும். என்னிடம் பேச வருகிறவர்களில் போதகர்களும் அவர்கள் மனைவிமாரும் உண்டு. அங்கேயும் இதே களைப்புதான்.

உண்மையான அழைப்பு ஆறு மாதம் காத்திருந்தால் கெட்டுப்போகாது. அதற்குள் சிகிச்சை எடுங்கள், மேனேஜரிடமும் ஆயரிடமும் பேச வேண்டியதைப் பேசி முடியுங்கள். தூக்கம் திரும்பிய பிறகும் அந்த விருப்பம் அப்படியே இருந்தால், ஆயரிடமும், பேராயரின் நிர்வாகமான திருமண்டலத்திலும் பேசுங்கள். மில்லர்ஸ் ரோட்டில் 1910-இலிருந்து இயங்கும் யுனைடெட் தியாலாஜிக்கல் காலேஜில் இறையியல் படிப்பைப் பற்றி நேரில் போய் விசாரிக்கலாம். வேலையில் இருந்துகொண்டே ஊழியம் செய்வதும் குறைந்த காரியம் இல்லை. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் தைத்துக்கொண்டுதான் பவுல் பிரசங்கித்தார்.

பணக் கணக்கையும் ஒரு தாளில் போடுங்கள். ஒன்பது வருடம் முடிந்திருப்பதால் கிராஜுட்டி உண்டு. வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அம்மாவுக்கு இருக்கும் மருத்துவக் காப்பீடு கம்பெனியோடு ஒட்டியது. நீங்கள் விலகினால் அதுவும் போய்விடும். சர்க்கரை உள்ள முதியவருக்குத் தனியாகப் பாலிசி எடுத்தால் பிரீமியம் கூடுதல், பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் இருக்கும். ராஜினாமாவுக்கு முன்பே அந்தப் பாலிசி கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கடன் தவணை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மனைவியின் சம்பளம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அந்தத் தாளை மனைவியும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுத வேண்டும். முடிவைச் சொல்வதற்காக அவரை உட்கார வைக்காதீர்கள், முடிவெடுப்பதற்காக உட்கார வையுங்கள். குடும்பத்தோடு ஊழியத்துக்குப் போகிற வீட்டில், சம்பளம் குறைவதைச் சமாளிப்பதும் விருந்தாளிகளுக்குச் சமைப்பதும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். அவருக்கு அழைப்பு இருக்கிறதா என்று இதுவரை நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. கேளுங்கள். அவர் 'இப்போ வேண்டாம்' என்றால், அதையும் ஜெபத்துக்கு வந்த பதில்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்தை எழுதாமல் இருங்கள்.